போன தீபாவளிக்கு அம்மா எப்படி இருந்தாங்க? – முதுமை மறதியைக் கண்டறிவதும் எழுதி வைப்பதும்

ஆரணி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மகன் தன் தாயை அழைத்து வந்திருந்தார். அம்மாவுக்கு 71 வயது. பத்து வருடமாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "வேற ஒண்ணும் இல்ல சார், மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார் மகன். அந்த அம்மா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். "ஆச்சு" என்றார். என்ன சாப்பிட்டீங்க என்றதும் கழுத்தைத் திருப்பி மகன் முகத்தைப் பார்த்தார். "இட்லிதானம்மா" என்று மகன் எடுத்துக் கொடுக்க, "ஆமா, இட்லி" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார்.

கேள்வி கேட்டதும் பதிலுக்காகக் கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பது மறதி நோயாளிகளிடம் அடிக்கடி காணும் ஒன்று. இரத்த அழுத்தம் பார்த்தேன், 180-க்கு 100. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தால், மூன்று வாரத்துக்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. மறதி இருக்கிறதா என்று மகனிடம் கேட்டேன். "வயசாச்சுல்ல சார், இருக்கத்தான் செய்யும்" என்றார்.

கதவோரம் குடையோடு நின்றிருந்த மருமகளை உள்ளே கூப்பிட்டு, போன தீபாவளிக்கு அத்தை எப்படி இருந்தாங்க, அதுக்கு முந்தின தீபாவளிக்கு எப்படி இருந்தாங்க என்று கேட்டேன். அவர் தீபாவளியை விட்டுவிட்டு மார்கழிக்குப் போனார். "போன மார்கழியில அத்தை கோலமே போடல சார். அதுக்கு முந்தின வருசம்கூட 15 புள்ளி, 8 வரைக்கும் ஊடுபுள்ளி வெச்சு வாசல் முழுக்கப் போட்டாங்க. தெருவே நின்னு பாக்கும். இந்த வாட்டி புள்ளிய வெச்சுட்டு அப்படியே குந்திக்கினு இருந்தாங்க. நான்தான் போயி நாலு இழை இழுத்து முடிச்சேன்." யார்கிட்டயாவது சொன்னீங்களா என்று கேட்டேன். "இதைப் போயி என்ன சார் சொல்றது?"

முதுமை மறதி நம் ஊரில் கண்டுபிடிக்கப்படாமல் போகிற காரணம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதுமை மறதியை மருத்துவத்தில் டிமென்ஷியா என்பார்கள். அது ஒற்றை நோயின் பெயர் இல்லை. நினைவு, மொழி, கணக்கு, வழி அறிதல், திட்டமிடுதல், பிறரோடு பழகும் விதம் என்று மூளை பார்க்கிற வேலைகளில் ஒன்றோ பலவோ, அந்த ஆள் முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். தன் அன்றாடக் காரியங்களைப் பிறர் துணையின்றி நடத்த முடியாத அளவுக்கு அந்த இறக்கம் போயிருக்க வேண்டும். காய்ச்சல், உப்புக் குறைவு போன்றவற்றால் வரும் திடீர்க் குழப்பமோ, மனச்சோர்வு போன்ற வேறொரு கோளாறோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற நோய் வரையறைக் கையேடு இதற்கு 'மேஜர் நியூரோகாக்னிட்டிவ் டிஸ்ஆர்டர்' என்று புதுப் பெயர் வைத்தது. பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் அடிப்படை மாறவில்லை: முன்பு இருந்த நிலையிலிருந்து இறக்கம்.

ஆகவே ஒரே ஆளின் இரண்டு காலத்து நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியும். இன்றைய நிலை என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. பழைய நிலையை வீட்டாரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஸ்கேனில் அது கிடைக்காது. "எப்போதிலிருந்து?" என்று கேட்டால் "கொஞ்ச நாளா" என்பார்கள். தேதி யாருக்கும் நினைவிருக்காது, பண்டிகை நினைவிருக்கும். அதனால்தான் தீபாவளி. ரேஷன் கடைக்கு யார் போவது? மொய் நோட்டு யார் எழுதுவது? பால்காரர் கணக்கு யாரிடம்? பேரன் பேரை மாற்றிச் சொல்வது எப்போது தொடங்கியது? தெரிந்த பஸ்ஸில் ஏறி வேறு ஊரில் இறங்கினாரா? இப்படித் துண்டு துண்டாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். "வேலையெல்லாம் செய்றாங்களா?" என்று மொத்தமாகக் கேட்டால் "நாங்க எதையும் செய்ய விடறதில்ல சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குப் பின்னால்தான் நோய் ஒளிந்திருக்கும்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை, ஆய்விலேயே தெரிந்த விஷயம். 1998-ல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. அந்தக் குழு ஆய்வு செய்த இடங்களில் இரண்டு நம்முடையவை: சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும். முடிவு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. அன்று வழக்கில் இருந்த டி.எஸ்.எம்-4 அளவுகோலை வைத்துப் பார்த்தால் கியூபாவில் 65 வயதைத் தாண்டியவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, வேலூர் கிராமங்களில் வெறும் 0.3 சதவீதம். அந்தந்த ஊருக்கும் படிப்புக்கும் ஏற்றபடி 10/66 குழு உருவாக்கிய முறையில் பார்த்தபோது இந்தப் பெரிய வித்தியாசம் சுருங்கிப் போனது. எல்லா ஊர்களும் 5.6-க்கும் 11.7-க்கும் இடையில் வந்து நின்றன.

வேலூர் பக்கத்துப் பெரியவர்களின் மூளை மட்டும் இரும்பா? அப்படி இல்லை. டி.எஸ்.எம்-4 கேட்ட 'சமூக வாழ்விலும் தொழிலிலும் பாதிப்பு' என்பதை வீட்டார் சொல்லவே இல்லை. 70 வயதுப் பாட்டி சமைக்காவிட்டால் யாரும் அதைப் பாதிப்பாக நினைப்பதில்லை. மருமகள் சமைக்கிறாள், வீடு நடக்கிறது. கூட்டுக் குடும்பம் தன் அன்பாலேயே நோயை மூடி வைத்துவிடுகிறது. சென்னையில் டி.எஸ்.எம்-4 தவறவிட்டவர்களை மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது, உயிரோடு இருந்தவர்களும் மேலும் தளர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நோய் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்தியா முழுவதற்குமான கணக்கு 2023-ல் வந்தது. லாசி-டாட் என்ற தேசிய ஆய்வின்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். கோலம் போடுகிற அம்மாக்கள்தான் இந்தக் கணக்கின் பெரும் பங்கு.

சரி, சோதனைக்கு வருவோம். ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் 1975-ல் வெளியிட்ட எம்.எம்.எஸ்.இ. என்ற மறதிச் சோதனை உலகெங்கும் புழங்குகிறது. 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வை, நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு இது நல்ல சோதனை. பென்சிலையே பிடித்தறியாத ஒருவருக்கு இது பள்ளிக்கூடத் தேர்வு. நோயே இல்லாமல் தோற்றுப்போவார். ஆங்கிலத் தேதி தெரியாத அம்மாவிடம் அமாவாசை எப்போது என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சரியாகச் சொல்வார். மாறாக, நன்கு படித்த ஒருவர் நோயின் தொடக்கத்தில் 28 வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவர் மனைவிக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தெரியும். அந்த மனைவியை நம்ப வேண்டும். 2005-ல் மாண்ட்ரியலில் உருவான மோக்கா சோதனை தொடக்க நிலை மறதியைக் கூடுதலாகப் பிடிக்கும். படிப்பு 12 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. எழுத்தே அறியாதவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு?

வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் 1990-களில் மேரி கங்குலியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று ஒரு இந்திச் சோதனையை உருவாக்கினார்கள். 'கண்ணை மூடு' என்று எழுதிக் காட்டிப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, 'நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள்' என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார்கள். எவ்வளவு சின்ன மாற்றம், எவ்வளவு பெரிய நியாயம்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பின்னர் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் ஒரு சோதனைத் தொகுப்பைச் சரிபார்த்து வெளியிட்டது. முதல் ஐந்தில் தமிழ் இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்தான். இத்தனைக்கும் முதியோர் மருத்துவத்துக்கென்று நாட்டிலேயே முதலில் தனிப் பிரிவு கண்ட ஊர் சென்னை.

கோலத்தைச் சோதனையாக வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நோய் என்று அதற்கு அளவு வகுக்காமல் அதைச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வருடம் போட்ட ஒரு சிக்குக் கோலத்தை ஒருவர் திடீரென்று முடிக்கத் தெரியாமல் நிற்பது, கடிகாரம் வரையச் சொல்லி நான் தெரிந்துகொள்வதைவிட அதிகமாகச் சொல்லும். அது மதிப்பெண் இல்லை, வரலாறு. வரலாற்றுப் பகுதியில் அது எழுதப்பட வேண்டும்.

மறதி என்று தெரிந்த பிறகு, அதற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று தேடுவதுதான் மருத்துவருக்கு மிகப் பெரிய கடமை, ஏனென்றால் அங்கேதான் ஆளை மீட்டெடுக்க வழி இருக்கிறது. பி-12 குறைவு: சைவ உணவுக்காரர்களிடமும், சர்க்கரைக்கு நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களிடமும் வரும். தைராய்டு. சோடியம் குறைவு. சில வாரங்களுக்கு முன் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, எல்லோரும் மறந்தே போன அடியால் மண்டைக்குள் மெல்லக் கசிந்து கட்டிக்கொண்ட இரத்தம். நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்படாமல், மறதியும் சேர்ந்து வந்தால் மூளைநீர்த் தேக்கம். தூக்கத்துக்கென்று வருடக்கணக்கில் சாப்பிடும் அல்பிரசோலம். கை நடுக்கத்துக்கு, சிறுநீர் அவசரத்துக்கு, சளிக்கு என்று ஆளுக்கொருவர் எழுதிய மாத்திரைகளில் பல, நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தைத் தடுப்பவை. அந்த வீட்டு மருந்துப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டச் சொல்வேன். சில நாட்களில் அந்தப் பையைப் பார்த்ததே சிகிச்சையாக அமைந்துவிடும்.

மனச்சோர்வு இன்னொன்று. கணவரை இழந்த பாட்டி எதைக் கேட்டாலும் "தெரியலப்பா, விடு" என்பார். டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் உள்ளவர் பெரும்பாலும் அப்படி விட்டுவிட மாட்டார். தெரியாததை மறைத்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பார். இது எப்போதும் பொருந்தும் விதி இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு.

திடீர்க் குழப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் வரும், ஏறி இறங்கும், கவனம் சிதறும். காய்ச்சல், நோய்த்தொற்று, அறுவைச் சிகிச்சை, மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். எங்கள் அப்பாவுக்கு 78 வயதில் இடுப்பெலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. இரண்டாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்கினார். என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் கட்டியாச்சா என்று கேட்டார். பத்து நாளில் முழுக்கத் தெளிந்துவிட்டார். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சீனைல் டிமென்ஷியா' என்று அச்சாகியிருந்தது. முன்பு எப்படி இருந்தார் என்று எங்களில் யாரையும் அவர்கள் கேட்கவில்லை. நானும் அந்தத் தாளை ஒழுங்காகப் படிக்காமல் ஃபைலில் வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு சொற்கள் அப்பாவோடு மூன்று வருடம் அலைந்தன. கண்புரைக்குப் போனால் அங்கே என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்கவில்லை, என்னிடம் நீட்டினார்கள். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் வரவுசெலவை மனக்கணக்காகச் சொல்லக்கூடிய மனிதர், "ஏண்டா, என்னைக் கேக்க மாட்டாங்களா?" என்று ஆட்டோவில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகுதான் கேஸ் ஷீட்டில் எழுதுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பயப்படத் தொடங்கினேன்.

எழுதுவது என்பதில் எனக்கு முன்மாதிரி 1901-ம் வருடத்துத் தாள்கள். அந்த நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அவுகுஸ்டே என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். மறுநாள் அவரோடு பேசிய மருத்துவர் 'நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளவில்லை. கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதினார். உங்கள் பெயர்? அவுகுஸ்டே. குடும்பப் பெயர்? அவுகுஸ்டே. கணவர் பெயர்? அவுகுஸ்டே என்று நினைக்கிறேன். மதிய உணவில் அவர் சாப்பிட்டது பன்றி இறைச்சியும் காலிஃப்ளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றதற்குக் கீரை என்றார். தன் பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு மீதியை மறந்துபோனார். இதையெல்லாம் எழுதியவர் அலோயிஸ் அல்சைமர். அந்தப் பெண் 1906-ல் இறந்தபின் அவர் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, கண்டதை அதே ஆண்டு டூபிங்கன் கூட்டத்தில் சொன்னார். 1910-ல் மனநல மருத்துவர் கிரேப்ளின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். தொலைந்துபோன அந்த ஃபைல் 1995-ல் பிராங்க்ஃபர்ட்டிலேயே கிடைத்தது. நூறு வருடம் கழித்துப் படித்தாலும் அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அவர் சொன்ன சொல்லையே எழுதியதுதான் காரணம்.

அவுகுஸ்டேயின் வயது குறைவு என்பதால், அல்சைமர் என்பது நடுவயதுக்காரர்களுக்கு வரும் அரிய நோய் என்றும் கிழவர்களின் மறதி மூப்பின் இயல்பு என்றும் நீண்ட காலம் பிரித்து வைத்திருந்தார்கள். 1976-ல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கேட்ஸ்மன் எழுதிய ஒரு தலையங்கம் இரண்டும் ஒரே நோய்தான் என்று அழுத்திச் சொன்னது. "வயசாச்சு" என்ற சொல்லுக்கு மருத்துவத்தில் அன்றைக்கே இடம் போய்விட்டது. நம் ஓபி சீட்டுகளிலிருந்துதான் இன்னும் போகவில்லை.

அந்த அம்மாவுக்கு நான் எழுதியதன் சாரம் இது. 'தகவல் தந்தவர் மருமகள், 19 வருடமாக ஒரே வீடு. மகன் வாரக்கடைசியில் மட்டும் வருபவர், மறதி இல்லை என்கிறார். நோயாளி பள்ளிக்கூடம் போனதில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். காது நன்றாகக் கேட்கிறது, இடது கண்ணில் புரை. முதலில் கவனித்த மாற்றம்: போன மார்கழியில் ஊடுபுள்ளிக் கோலத்தைத் தொடர முடியவில்லை, முந்தின மார்கழியில் முடிந்தது. பின்னர் சீட்டுப் பணம் இருமுறை கொடுத்தது, மாத்திரை தவறியது. சமையலில் உப்பு இருமுறை. குளியல், உடை தானே. மூன்று சொல் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதில் ஒன்றும் வரவில்லை, குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. "சாவியா? நீங்க சாவி எதுவும் குடுக்கலியே" என்றார். இரவில் உளறல், இல்லாததைக் காணுதல், விழுதல் இல்லை. சாப்பிடும் மருந்து ஒன்றே ஒன்று.' அதன் கீழே பரிசோதனைகள், அதற்கும் கீழே என் கருத்து: அல்சைமர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம், லேசான நிலை.

தகவல் தந்தவர் யார் என்று எழுதுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மகனின் சொல்லும் மருமகளின் சொல்லும் இங்கே முரண்படுகின்றன. யார் கூடவே இருப்பவர் என்று தெரிந்தால்தான் அடுத்து பார்க்கும் மருத்துவர் எதை நம்புவது என்று முடிவு செய்ய முடியும். மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் 17 என்ற எண் மிஞ்சும். படிப்பு என்ன, எந்தக் கேள்வியில் தவறினார் என்று இல்லாத 17-க்கு அர்த்தமே இல்லை.

'உளறல் இல்லை, இல்லாததைக் காணுதல் இல்லை' என்று இல்லாதவற்றையும் எழுதக் காரணம் உண்டு. லூயி பாடி என்ற வகை மறதியில் பகலில் வீட்டுக்குள் குழந்தைகள் நிற்பதாக, ஆட்கள் வந்து போவதாகத் தெளிவாகத் தெரியும். நிலை நாளுக்கு நாள் மாறும், தூக்கத்தில் கை காலை வீசுவார்கள், நடை விறைக்கும். காத்து கருப்பு என்று வீட்டார் மந்திரிக்கப் போவதும் உண்டு. அவர்களுக்கு மனப்பிரமையை அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்டால் உடல் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். இரவு அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஃபைலில் 'லூயி பாடி, ஹாலோபெரிடால் வேண்டாம்' என்ற ஒரு வரி கிடைத்தால் ஓர் உயிர் பிழைக்கும். 'டிமென்ஷியா' என்று மட்டும் எழுதியிருந்தால் அது நடக்காது.

ஸ்கேன் அறிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வயதுசார்ந்த மூளைச் சுருக்கம்' என்று அதில் இருக்கும். "மூளை சுருங்கிடுச்சாமே சார்" என்று கண்கலங்கி வருவார்கள். 75 வயதில் பெரும்பாலோர் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், கணக்கு வழக்கெல்லாம் சரியாகவே பார்ப்பார்கள். கட்டி, இரத்தக் கசிவு, நீர்த் தேக்கம், பழைய பக்கவாதத் தழும்பு ஆகியவை இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் ஸ்கேன். அல்சைமரின் புரதங்களை இரத்தத்திலேயே அளக்கும் சோதனைகள் இப்போது வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான அமிலாய்டு புரதத்தைக் குறிவைக்கும் லெக்கனமாப், டோனனமாப் மருந்துகளுக்கு 2023-லும் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அவை தொடக்க நிலைக்கு மட்டும் உரியவை. ஆகவே எந்த நிலையில் கண்டுபிடித்தோம் என்று எழுதுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. ஆனால் அந்தச் சோதனைகளும்கூட, புரதம் இருக்கிறதா என்றுதான் சொல்லும். ஆள் இறங்கியிருக்கிறாரா என்று மருமகள்தான் சொல்ல வேண்டும்.

பத்திரப் பதிவுக்கு முதல் நாள் வந்து 'நல்ல மனநிலையில் இருக்கிறார்' என்று சான்று கேட்பவர்கள் உண்டு. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 59-ம் பிரிவு, தான் செய்வது என்னவென்று அறிந்த, வயது வந்த எவரும் உயில் எழுதலாம் என்கிறது. லேசான மறதி உள்ளவர் தன் சொத்து எது, பிள்ளைகள் யார், யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லக்கூடும். அப்படியானால் அது அவர் உரிமை. நோயின் பெயரைக் காட்டி அதைப் பறிக்கக் கூடாது. அதே போல ஒன்றும் புரியாதவரின் விரலைப் பிடித்து ரேகை வைக்கவும் விடக் கூடாது. இரண்டுக்கும் காவல் ஒன்றுதான்: அன்று, அந்த நேரம், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு என்ன கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று அவர் சொல்லிலேயே எழுதுவது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் சிகிச்சை முடிவுகளுக்கு இதே நோக்கில்தான் கேட்கிறது: விஷயம் புரிகிறதா, விளைவு தெரிகிறதா, முடிவை ஏதாவது ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா?

அந்த அம்மா மருமகள் கையால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நாலு வருடம் ஓரளவு நன்றாகவே இருந்தார். பிறகு நடை போனது, பேச்சு போனது, கடைசியில் விழுங்கவும் மறந்தார். வீட்டிலேயே இறந்தார். சான்று எழுத என்னைக் கூப்பிட்டார்கள். இது போன்ற இறப்புகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் 'முதுமை' என்று எழுதி முடித்துவிடுவார்கள். பதிவாகும் இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் மருத்துவர் காரணம் எழுதித் தருகிறார். அதிலும் 'முதுமை' என்று எழுதினால் ஐ.சி.டி-10 என்ற உலக நோய்ப் பட்டியலில் ஆர்-54 என்ற எண்ணுக்குள் போய் விழுந்துவிடும். நோய் எந்தக் கணக்கிலும் ஏறாது.

வீட்டு இறப்புக்கான 4-ஏ படிவத்தில் காரணங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். உடனடிக் காரணம், உணவு புரையேறி வந்த நிமோனியா. அதற்குக் கீழே அல்சைமர் டிமென்ஷியா. வலப் பக்கம் ஒரு கட்டம் இருக்கிறது: நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம். மகனைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மருமகள் உள்ளே போய் நெகிழிப் பையில் சுற்றி வைத்திருந்த பழைய கேஸ் ஷீட்டை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் மார்கழி என்று இருந்தது. எண்ணிப் பார்த்து, கட்டத்தில் 'சுமார் 7 ஆண்டுகள்' என்று எழுதினேன்.